தரங்கம்பாடிக்குப் போன நம்பர்

கமருன்னிஸாவுக்குப் பிடிக்காதவர்கள் உலகத்தில் நிறையப் பேர். அவர்களில் முதல் இடத்தைக் கணவனின் தம்பி ஜாஃபர் சாதிக் ஐந்து வருஷமாக யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் பிடித்து வைத்திருந்தான்.

அவள் திருவாரூரில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. வீடு நாகூரில். கணவன் சேக் தாவூது ஷார்ஜாவில் இருந்தார். மாடியில் அவள், கீழே ஜாஃபர் குடும்பம். ஜாஃபருக்கு தர்கா போகிற தெருவில் ஒரு கடை. அத்தர், தொப்பி, செல்போன் கவர், ரீசார்ஜ். எதைக் கேட்டாலும் "இருக்கு" என்பான். தேடிப் பார்த்துவிட்டு "நாளைக்கு வரும்" என்பான்.

கொரோனா ஊரடங்கில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது, பிளஸ் டூ பிள்ளைகளுக்காக அவள் வெள்ளைப் பலகையில் இதயத்தையும் சிறுநீரகத்தையும் வரைந்து பாடம் சொல்லி வீடியோ எடுத்தாள். முகம் தெரியாது, கையும் குரலும்தான். அதை இணையத்தில் ஏற்ற ஒரு கணக்கு வேண்டும் என்றபோது ஜாஃபர் முன்னால் வந்தான்.

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாது மச்சி. நான் பாத்துக்குறேன்."

அண்ணன் மனைவியை அவன் மச்சி என்றுதான் அழைப்பான். சேனலுக்கென்றே புதிதாக ஒரு மெயில் திறந்தான், தன் செல் நம்பரைக் கொடுத்தான், தன் பெயரின் முதலெழுத்துகளை வைத்து 'ஜே.எஸ். அகாடமி' என்று பெயரும் சூட்டினான். தவளைக்கும் தேரைக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவன் பெயரில் அகாடமி. அன்றைக்கே அவள் கேட்டிருக்க வேண்டும். பலகையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஐந்து வருஷத்தில் முன்னூற்றுப் பன்னிரண்டு பாடங்கள் ஏறின. அறுபத்து நான்காயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள். தமிழில் நீட் எழுதுகிற பிள்ளைகள் ராமநாதபுரத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் கமெண்டில் சந்தேகம் கேட்டார்கள். ஜாஃபர் செய்தது, ஒவ்வொரு வீடியோவின் முகப்பிலும் சிவப்பு அம்புக்குறி போட்டு 'அதிர்ச்சி!' என்று எழுதியது. கல்லீரலில் என்ன அதிர்ச்சி என்று அவள் ஒருமுறை கேட்டாள். "அப்பத்தான் மச்சி உள்ள வருவாங்க" என்றான். விசிட்டிங் கார்டில் 'நிறுவனர்' என்று போட்டுக்கொண்டான்.

இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிடு என்று அவள் வருஷத்துக்கு ஒருமுறையாவது சொல்லியிருப்பாள். பாஸ்வேர்டு மட்டும் இருந்தால் போதாது, உள்ளே நுழைகிறவன் செல்லுக்கு வரும் எண்ணையும் காட்ட வேண்டும் என்கிற ஏற்பாடு அது. பள்ளியில் எல்லோரையும் போடச் சொன்னார்கள், அவளும் போட்டிருந்தாள்.

"ஒவ்வொரு தடவையும் ஓடிபி, ஓடிபின்னு உயிரை வாங்கும் மச்சி. நாம என்ன ரிசர்வ் பேங்கா நடத்துறோம்?"

அவன் பாஸ்வேர்டு அவன் பெயரும் 786-உம். அதுவும் மறந்துபோகும் என்று கடைக் கண்ணாடி அலமாரியின் உள்பக்கம் துண்டுச் சீட்டில் ஒட்டி வைத்திருந்தான். அத்தர் வாங்க வந்தவர்கள் எல்லாம் படித்திருப்பார்கள்.

ஏப்ரல் மூன்றாம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நீட் தேர்வுக்கு இரண்டே வாரம். வேலூரிலிருந்து ஒரு மாணவி செய்தி அனுப்பியிருந்தாள்: "மிஸ், நம்ம சேனல்ல யாரோ ஒரு வெள்ளைக்காரர் பேசுறார்."

கமருன்னிஸா திறந்து பார்த்தாள். ஜே.எஸ். அகாடமி என்ற பெயர் இல்லை. ஏதோ மின்னணு நாணயத்தின் பெயர் இருந்தது. கோட்டு போட்ட ஒரு ஆள், 'இன்றைக்கு ஒன்று அனுப்புங்கள், நாளைக்கு இரண்டாக வரும்' என்று ஆங்கிலத்தில் நேரலையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளுடைய முன்னூற்றுப் பன்னிரண்டு பாடங்களில் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

கீழே இறங்கிப் போனாள். ஜாஃபர் இடியாப்பத்தில் பால் ஊற்றிக்கொண்டிருந்தான். அவள் சொல்வதற்கு முன்னாலேயே அவன் முகம் சொன்னது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"முந்தாநாள்."

"முந்தாநாள் தெரிஞ்சு இடியாப்பம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கே."

விஷயம் மெல்ல வெளியே வந்தது. நோட்டுப் புத்தகக் கம்பெனி ஒன்று விளம்பரம் தருவதாக மெயில் அனுப்பியதாம். அன்புள்ள நிறுவனர் அவர்களுக்கு என்று ஆரம்பித்திருந்ததாம். அந்த ஒரு வார்த்தையிலேயே அவன் விழுந்திருப்பான் என்று அவளுக்குத் தெரியும். ஒப்பந்தம் என்று ஒரு கோப்பு இணைத்திருந்தார்கள். கடை லேப்டாப்பில் திறந்தான். ஒப்பந்தம் திறக்கவில்லை. கறுப்பாக ஒரு கட்டம் மின்னி மறைந்தது. மறுபடியும் திறந்தான். மறுபடியும் மின்னியது.

"எத்தனை தடவை திறந்தே?"

"அஞ்சாறு தடவை."

திருடன் ஒருமுறைதான் தட்டினான், இவன் ஐந்தாறு முறை கதவைத் திறந்துவிட்டிருக்கிறான்.

ஆனால் மத்தியானத்துக்குள் கதை வேறு மாதிரி ஆகியிருந்தது. ஷார்ஜாவிலிருந்து சேக் தாவூது பேசினார். "ஸ்கூல்ல யாருக்காவது பாஸ்வேர்டு சொன்னியா கமரு? ஜாஃபர் அப்படித்தான் இருக்கும்ங்குறான்."

"எனக்கே பாஸ்வேர்டு அவன் கடை அலமாரியைப் பார்த்துத்தான் தெரியும்" என்றாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் தம்பியை விட்டுக்கொடுக்காத ஒரு தொனி இருந்தது. அவள் போனை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஜாஃபர் அவளைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனான். அங்கே ராஜ்குமார் என்று ஒருவர், சைபர் நிபுணராம், எந்தக் கணக்கையும் ஒரு மணி நேரத்தில் மீட்டுவிடுவாராம். அவள் நம்பவில்லை. ஆனால் போகாவிட்டால், "மச்சி ஒத்துழைக்கல" என்று அதற்கும் ஒரு கதை கட்டுவான். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு ரயிலில் ஏறினாள். திருவாரூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் உளுந்து எடுத்த வயல்கள், நடுநடுவே பருத்தி. ஜாஃபர் வழியெல்லாம் ராஜ்குமாரின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டு வந்தான்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி அறை. ஏசி ஓடவில்லை. அந்த வெக்கையிலும் ராஜ்குமார் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். சுவரில் ஆறு சான்றிதழ்கள், ஆறும் ஒரே எழுத்துருவில் அச்சடித்தவை. ஒன்றில் 'செக்யூரிட்டி' என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்து குறைந்தது. விடைத்தாள் திருத்தும் கை அவளுக்கு அரித்தது.

"முதல்ல இந்த ஃபாரத்தை ஃபில் பண்ணுங்க சார்" என்று அச்சடித்த தாளை நீட்டினார்.

பெயர், முகவரி, ஆதார் எண், பான் எண், மெயில், அதற்கு நேரே 'பாஸ்வேர்டு' என்று ஒரு கட்டம். அடுத்த வரியில் 'குடும்பத்தினர் மெயில்', அதற்கும் 'பாஸ்வேர்டு'. ஜாஃபர் நல்ல பிள்ளையாக வரிசையாக நிரப்பினான். அவள் கட்டம் வந்ததும் பேனாவை அவளிடம் நீட்டினான்.

"என் சொந்த மெயிலோட பாஸ்வேர்டு எதுக்குங்க?"

"லிங்க் பண்ணணும் மேடம். அப்பத்தான் சர்வர் உங்களை நம்பும்."

"எந்த சர்வர்?"

"மெயின் சர்வர்."

ஜாஃபர் குறுக்கே விழுந்தான். "மச்சி, அவர் நிபுணர். டீச்சருக்குப் பாடம் நடத்தத்தான் தெரியும்."

மேஜை ஓரத்தில் அதே மாதிரித் தாள்கள் ஒரு கட்டு கிடந்தன. மேலே கிடந்தது ரகுராமன் என்று யாரோ ஒருவருடையது. ஆதார் எண், பாஸ்வேர்டு, மனைவியின் பாஸ்வேர்டு எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தன. மின்விசிறிக் காற்றில் அது படபடத்துக்கொண்டிருந்தது. டீ கொண்டுவருகிறவன் நினைத்தால் அள்ளிக்கொண்டு போகலாம்.

ராஜ்குமார் தன் லேப்டாப்பில் சேனல் மெயிலுக்குள் நுழையப் பார்த்தார். மறந்துவிட்டேன் என்று அழுத்தினார், பழைய பாஸ்வேர்டைப் போட்டார், தப்பு என்றது. பெரிய எழுத்தில் போட்டார், சின்ன எழுத்தில் போட்டார். ஏழாவது தடவை, பலமுறை முயன்றுவிட்டீர்கள், பிறகு வாருங்கள் என்று திரை கதவைச் சாத்தியது. "சர்வர் பிஸி" என்றார் ராஜ்குமார், கோட்டின் கையால் நெற்றியைத் துடைத்தபடி.

கமருன்னிஸா எழுந்தாள். மேஜையிலிருந்து ஜாஃபர் நிரப்பிய தாளை எடுத்து நான்காகக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"மேடம், அது ஆபீஸ் ரெக்கார்டு."

"அந்த ரகுராமன் சாரைக் கூப்பிட்டு, எல்லா பாஸ்வேர்டையும் மாத்தச் சொல்லுங்க. நீங்க செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம் அதுதான்."

அன்று சாயங்காலம் நாகூர் வீட்டில் உட்கார்ந்து, அந்த வீடியோ தளத்தின் உதவிப் பக்கங்களை அவளே படித்தாள். தமிழில்கூட இருந்தது. ஐந்து வருஷமாக யாரும் படிக்காததால் அங்கே ரகசியமாக இருந்தது, அவ்வளவுதான். கணக்கைத் திரும்பக் கேட்கிறவர், வழக்கமாகப் பயன்படுத்திய கருவியிலிருந்து, வழக்கமான இடத்திலிருந்து கேட்க வேண்டும் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. இவர்கள் நூறு கிலோமீட்டர் பயணம் செய்து, அறிமுகமே இல்லாத லேப்டாப்பில் போய்க் கேட்டிருக்கிறார்கள். திருடனும் அப்படித்தானே கேட்பான்? இயந்திரம் சந்தேகப்பட்டதில் என்ன தப்பு?

இன்னொன்றும் இருந்தது. திருடன் நம்பரை மாற்றியிருந்தாலும், பழைய நம்பருக்கு ஏழு நாள்வரை எண் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். இன்றோடு நான்கு நாள் போய்விட்டது.

முதல் வீடியோக்களை ஏற்றிய அவளுடைய பழைய செல்போன் மாடி அலமாரியில் கிடந்தது. சார்ஜ் போட்டு, வீட்டு வைஃபையில் இணைத்து, ஜாஃபரை மாடிக்கு வரச் சொன்னாள். திரையில், '47 என்று முடியும் எண்ணுக்கு ஆறு இலக்கம் அனுப்பலாமா?' என்று வந்தது.

ஜாஃபர் உற்றுப் பார்த்தான். அவன் நம்பர் 12-இல் முடியும்.

"இது யார் நம்பர்?"

"என்னோடதுதான் மச்சி. பழசு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வேற கம்பெனியில டேட்டா ஆஃபர் குடுத்தான், அந்த சிம்மைத் தூக்கிப் போட்டுட்டேன்."

"கணக்குல மாத்தலையா?"

"மறந்துட்டேன்."

வீட்டை விற்றவன் சாவியை வாசலில் விட்டுப் போனால்கூட ஒரு நியாயம் உண்டு. இவன் குடியிருக்கும் வீட்டின் சாவியை ஆற்றில் போட்டுவிட்டு, கதவில் 'நிறுவனர்' என்று பலகை மாட்டியிருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை ஜாஃபர் அந்த நம்பருக்குப் போன் போட்டான். ஒரு பெண் எடுத்தாள்; அவன் கைவிட்ட நம்பரைக் கம்பெனி அவளுக்குக் கொடுத்திருந்தது. அவன் பேசியது இது: "ஏம்மா, நீ வச்சிருக்கிறது என் நம்பர். இப்ப அதுக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லு." அந்தப் பெண் அவனுடைய பரம்பரையை மூன்று தலைமுறை பின்னால்வரை விசாரித்துவிட்டுப் போனை வைத்தாள். அடுத்த தடவை போட்டபோது போகவில்லை. அவனை பிளாக் செய்திருந்தாள்.

"படிக்காத ஜென்மம்" என்றான் ஜாஃபர்.

கமருன்னிஸாவுக்கு அந்த வாரத்தில் முதல்முறையாக ஒருத்தர் மேல் மரியாதை வந்தது.

அவளே கூப்பிட்டாள். தான் ஆசிரியை என்றும், நேரில் வந்து பேசுகிறேன் என்றும், போனில் எதுவும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். அந்தப் பக்கம் கடல் சத்தம் கேட்டது. "தரங்கம்பாடி. மீன் ஏலக் கொட்டகைகிட்ட வந்து மேகலான்னு கேளு. அந்த ஆம்பளையையும் கூட்டிக்கிட்டு வா. மூஞ்சியைப் பாக்கணும்."

புதன்கிழமை காலை காரைக்கால் வழியாகப் பஸ் ஏறினார்கள். மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. நாட்டுப்படகில் வந்த கொஞ்சம் மீனை வெயிலில் பரப்பி, ஒரு பெண் சாக்கால் காக்கைகளை விரட்டிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவள்தான் மேகலா. செல்போனைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டி, ஜாக்கெட்டுக்குள் போட்டிருந்தாள்.

ஜாஃபரை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். "இதுதானா? சரி, அப்படி நிழல்ல நில்லு. நான் கூப்பிட்டா வா."

கமருன்னிஸா நடந்ததையெல்லாம் சொன்னாள். மேகலா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நீ சொல்றது நல்ல கதைதான். போன வருசம் எனக்கும் ஒருத்தன் நல்ல கதை சொன்னான். கேஸ் ஆபீசுன்னான், போனுக்கு வந்த நம்பரைக் கேட்டான், சொன்னேன். எம் மவ படிப்புக்கு இருந்தது பூராவும் போச்சு. அன்னையிலேருந்து, ஆண்டவனே வந்து கேட்டாலும் நம்பர் சொல்றதில்ல."

"நியாயம்தாங்க. என் அட்டை இருக்கு, பாருங்க." பள்ளி அடையாள அட்டையை நீட்டினாள்.

மேகலா வாங்கிப் பார்த்தாள், நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "இது மாதிரி பத்து அட்டை மாயவரத்துல அரை மணி நேரத்துல அடிச்சுக் குடுப்பான்."

"எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் நம்பர் தர்றேன். நீங்களே பேசுங்க."

"நீ குடுக்குற நம்பர்ல நீ வச்ச ஆளுதானே எடுப்பா?"

கமருன்னிஸா அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பள்ளியில் இணையப் பாதுகாப்பு என்று இரண்டு நாள் பயிற்சி நடத்தினார்களே, புரொஜெக்டர் போட்டு, பிரியாணி போட்டு, அதில் யாரும் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை.

மேகலா யாருக்கோ போன் போட்டாள். அவள் மீன் கொடுக்கிற வீட்டில் உள்ளூர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இருந்தார். திருவாரூரில் இன்ன பள்ளிக்கூடத்து ஆபீஸ் நம்பர் வேண்டும், யாரையும் கேட்காமல் நீங்களே தேடிச் சொல்லுங்கள் என்றாள். பத்து நிமிஷத்தில் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். தலைமை ஆசிரியையே எடுத்தார்.

"ஏம்மா, உங்க இஸ்கூல்ல கமருன்னிஸான்னு டீச்சர் இருக்காங்களா?"

"இருக்காங்க. இன்னைக்கு லீவு. நீங்க யாரு?"

"அது அப்புறம். ஆளு எப்படி இருப்பாங்க? அடையாளம் சொல்லுங்க."

"எதுக்கு? ஏதாவது ஆக்சிடென்ட்டா?"

"அதெல்லாம் இல்ல. நல்லாத்தான் இருக்காங்க. எம் முன்னாடி நிக்கிறது அவுங்கதானான்னு தெரியணும்."

"உயரமா இருப்பாங்க. கண்ணாடி. இடது புருவத்துல ஒரு தழும்பு. அப்புறம்…" குரல் தாழ்ந்தது. "எதிர்ல நிக்கிறவங்க எல்லாரும் முட்டாள்ங்குற மாதிரி ஒரு பார்வை பார்ப்பாங்க."

மேகலா தலையைத் தூக்கிக் கமருன்னிஸாவைப் பார்த்தாள். நிழலில் நின்ற ஜாஃபர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"ஆமாம்மா, சரியாத்தான் இருக்கு" என்று மேகலா போனை வைத்தாள்.

காது மடல் சூடேறுவதைக் கமருன்னிஸா உணர்ந்தாள். பன்னிரண்டு வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூமில் அந்த அம்மாவுக்கு டீ ஊற்றிக் கொடுத்திருக்கிறாள்.

மேகலா விடவில்லை. "இப்ப நீ டீச்சர்ங்குறது நிச்சயம். ஆனா கணக்கு யாரு பேர்ல இருக்கு?"

"அவன் பேர்ல."

"பாடம் நடத்தினது?"

"நான்."

"அஞ்சு வருசமா உன் பொருளுக்கு இன்னொருத்தன் பூட்டுப் போட்டு வச்சிருக்கான். நீ பாத்துக்கிட்டு இருந்திருக்கே. படிச்சவதானே நீ?"

வெயிலில் கண் கூசியது. சொல்வதற்குப் பதில் இருந்தது. வேலை, வீடு, பஸ், பரீட்சைத் தாள். ஆனால் உண்மை வேறு என்று அவளுக்குத் தெரியும். அவனிடம் போய், என் பெயரில் மாற்றிக் கொடு என்று கேட்பதைவிட, அவனை மனசுக்குள் ஏளனம் செய்துகொண்டிருப்பது சுலபமாக இருந்தது. ஏளனம் செய்தே ஐந்து வருஷத்தை ஓட்டியிருக்கிறாள். அதற்கு எந்தத் திறமையும் வேண்டியதில்லை.

"தப்புதான்" என்றாள்.

மேகலா ஜாஃபரைக் கூப்பிட்டாள். "ஏப்பா, கணக்கு உன்னுதுதானே? எப்பத் திறந்தே?"

"ரெண்டாயிரத்து… பத்தொம்போது. இல்ல, இருபத்தொண்ணு."

"கொரோனா ரெண்டாயிரத்து இருபது" என்றாள் கமருன்னிஸா. "ஜூன் எட்டு. என் பாடக் குறிப்பு நோட்டுல இருக்கு."

"பாத்தியா?" என்றாள் மேகலா, யாரிடம் என்று தெரியாமல். பிறகு ஜாஃபரிடம் திரும்பினாள். "நேத்து என்னை ஏம்மா, சொல்லுன்னு அதிகாரம் பண்ணினியே. இது என் நம்பரு. நான் ரீசார்ஜ் பண்ணிக்கிட்டிருக்கேன். இப்பச் சொல்லு, யாரு நம்பரு?"

"உங்க நம்பர்தாங்க" என்றான் ஜாஃபர். அவன் யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் 'ங்க' போட்டுக் கமருன்னிஸா கேட்டதில்லை.

கமருன்னிஸா வீட்டுக்குப் போய், சாயங்காலம் நான்கு மணிக்கு எண்ணை அனுப்பச் சொல்வது என்று பேசிக்கொண்டார்கள். கமருன்னிஸாவின் நம்பரை மேகலா தன் கையாலேயே அடித்துச் சேமித்தாள். அந்த நம்பரிலிருந்து கூப்பிட்டால் மட்டுமே எடுப்பேன், வேறு எதிலிருந்து வந்தாலும், அழுதுகொண்டு கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன் என்றாள். கிளம்பும்போது கமருன்னிஸா கைப்பையைத் திறந்தாள். மேகலாவின் முகம் மாறியதைப் பார்த்து உடனே மூடிவிட்டாள். பிறகு நெத்திலிக் கருவாடு கேட்டு வாங்கினாள். அதற்கு மேகலா பேரம் பேசவிடவில்லை.

நான்கு மணிக்கு, நாகூர் மாடியில், பழைய செல்லில் கமருன்னிஸா பொத்தானை அழுத்தினாள். இன்னொரு செல்லில் மேகலா இருந்தாள். காக்கை கத்தியது, யாரோ வலையை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"வந்திருக்கு. உன் இனிஷியல் என்ன? அட்டையில இருந்துச்சே."

"எம். வாப்பா பேரு மீரான்."

"ம். எழுதிக்கோ." ஆறு இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொன்னாள், இரண்டு தடவை. பிறகு, "கீழே என்னமோ எழுதியிருக்கே. இதை யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கானே?"

"ஆமாங்க."

"சொல்லிட்டேனே" என்றாள் மேகலா, முதல்முறையாகக் கவலையாக.

"இனிமே யாருக்கும் சொல்லாதீங்க. எனக்குக்கூட."

இயந்திரம் இன்னும் கேள்வி கேட்டது. கணக்கு எந்த மாதம், எந்த வருஷம் திறந்தது? ஜூன், 2020. நினைவில் இருக்கும் கடைசிப் பாஸ்வேர்டு? வெட்கத்தோடு ஜாஃபர் பெயரையும் 786-ஐயும் அடித்தாள். கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு, புதிய பாஸ்வேர்டு கொடுங்கள் என்றது.

சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும்போது வெள்ளைக்காரன் போயிருந்தான். முன்னூற்றுப் பன்னிரண்டில் இருபத்தாறு பாடங்களைத் திருடன் அடியோடு அழித்துவிட்டிருந்தான். மீதி மறைந்திருந்தன, திரும்ப வந்தன. நான்காயிரம் பேர் சேனலை விட்டுப் போயிருந்தார்கள். தெரியாத கருவிகளை எல்லாம் வெளியேற்றினாள், கடை லேப்டாப்பையும் சேர்த்து. தன் நம்பரைப் போட்டாள். புதிதாக யார் நுழைந்தாலும் தன் செல்லில் அனுமதி கேட்கும்படி வைத்தாள். கடைசியாகப் பெயரை மாற்றினாள். 'கமருன்னிஸா உயிரியல் வகுப்பு'. அதற்குப் பிறகு, தன் மெயில், பிராவிடண்ட் ஃபண்டு, ரயில் டிக்கெட் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டைத்தான் தானும் வைத்திருந்தாள் என்பது நினைவுக்கு வந்தது. ஜாஃபரைவிட ஒரு எழுத்து நீளம், அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொன்றாக மாற்றி முடிக்க இரவுத் தொழுகை, இஷா நேரம் ஆகிவிட்டது.

மறுநாள் சேக் தாவூது கூப்பிட்டார்.

"அவனையும் உள்ள விடு கமரு. ஆரம்பிச்சவன் அவன்தானே. ஊர்ல தலை காட்ட முடியலைங்குறான்."

"முகப்புப் படம் போடுறதுக்கு மட்டும் அனுமதி தர்றேன்னு சொல்லிட்டேன். சாவி தர மாட்டேன்."

"குடும்பத்துக்குள்ள என்ன சாவி?"

"நீங்க ஷார்ஜாவுல உங்க ரூம் லாக்கர் சாவியை அவன்கிட்ட குடுத்துட்டா போனீங்க?"

அவர் போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வேறு விஷயம் பேசினார், இதைத் தொடவில்லை. அவளுக்கு அது வலித்தது. ஆனால் எண்ணத்தை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு வலிக்கவில்லை.

படம் போடுகிற அனுமதியை ஜாஃபர் ஏற்கவில்லை. நிறுவனருக்கு அது கௌரவக் குறைவாம். அத்தர் வகைகளைப் பற்றிச் சொந்தமாக ஒரு சேனல் ஆரம்பித்தான். நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள், அதில் பாதி உறவு. அதற்கும் அலமாரியில் சீட்டு ஒட்டினானா என்று அவள் போய்ப் பார்க்கவில்லை.

நீட்டுக்கு முந்தின வாரம், அழிந்துபோன இருபத்தாறில் முக்கியமான ஒன்பதை மறுபடி எடுத்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆவுக்குப் பிறகு, நரம்பு மண்டலத்தைப் பலகையில் வரைந்துகொண்டிருந்தபோது செல் அதிர்ந்தது. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று சொல்லி உங்கள் கணக்கில் நுழைய யாரோ முயல்கிறார்கள். நாகூர். நீங்கள்தானா?' கீழே இரண்டு பொத்தான்கள். ஆமாம். இல்லை.

கீழ்வீட்டில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

இல்லை என்பதை அழுத்தினாள். ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் வந்தது. மறுபடியும் அழுத்தினாள். மூன்றாம் தடவை வரவில்லை. அதற்குப் பதிலாக மாடிப்படியில் காலடி கேட்டது. ஜாஃபர் கதவோரம் நின்றான்.

"மச்சி, உங்க செல்லுல ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சு."

அவன் காத்திருந்தான். அவள் மூளையின் பின்பகுதியை வரைந்து, அதற்கு நேராகக் கோடு இழுத்து, சிறுமூளை என்று எழுதினாள். அவன் இறங்கிப் போகும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. போனதும் கேமராவை ஆன் செய்தாள்.